பூனை பழிவாங்குமா? கட்டிலில் மூத்திரம் போகும் முத்து

கேள்வி: ஜூன் 2, மாலை 6.20

முத்துவுக்கு 4 வயது. கடுவன், கருத்தடை ஆகிவிட்டது. வேலை விஷயமாக 8 நாள் வெளியே போய்விட்டு வந்தேன். தம்பிதான் சாப்பாடு வைத்துப் பார்த்துக்கொண்டான். வந்த மறுநாளே என் கட்டிலில், சரியாக நான் படுக்கிற பக்கத்தில், மூத்திரம் போய்விட்டது. இதுவரை 3 தடவை. மணல் பெட்டி சுத்தமாகத்தான் இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறது. விட்டுவிட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மூக்கை அதிலேயே தேய்த்துப் பார்த்துவிட்டேன், ஒரு அடியும் கொடுத்தேன். இப்போது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. இந்தத் திமிரை எப்படி அடக்குவது அக்கா?

ஜூன் 2, இரவு 10.45

அக்கா என்று கூப்பிட்டதால் உரிமையோடு சொல்கிறேன். மூக்கைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். முத்துவுக்கு அதிலிருந்து புரிவது ஒன்றுதான்: இந்த ஆள் வந்தால் வலிக்கும். கட்டிலுக்கு அடியில் கிடப்பது அதனால்தான்.

பழிவாங்க வேண்டுமென்றால், நீங்கள் 8 நாள் இல்லாததை மனதில் வைத்து, எது உங்களுக்கு எரிச்சல் தரும் என்று யோசித்து, நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். பூனை அப்படிக் கணக்குப் போடுகிற பிராணி இல்லை. அதோடு, மூத்திரம் நமக்குத்தான் அசிங்கம். பூனைக்கு அது தன் வாசனை. வீட்டில் உங்கள் வாசனை அதிகமாக இருக்கிற இடம் நீங்கள் படுக்கிற பக்கம். கலங்கிப்போன பூனை தன் வாசனையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். என் கரியனும் இதைச் செய்திருக்கிறான், அதனால் தெரியும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். சுத்தமாக இருக்கிறது என்கிறீர்கள். யார் மூக்குக்குச் சுத்தம்? ஒரு பூனைக்கு 2 பெட்டி வேண்டும், இரண்டும் ஒரே மூலையில் இருக்கக் கூடாது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமாவது பெட்டி இருக்க வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் சின்னவை. துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்திக்கொண்டால் போதும். வாசனை போட்ட மணல் வேண்டாம். மூடி போட்ட பெட்டி வேண்டவே வேண்டாம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். மணலைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது மெஷின் ஒருமுறை தடதடத்தால் போதும், அந்த மூலைக்கு அப்புறம் வராது.

மெத்தையைச் சாதாரண சோப்பால் துவைத்தால் நமக்கு நாற்றம் போய்விடும், பூனைக்குப் போகாது. மூத்திர வாடையைச் சிதைக்கிற என்சைம் கிளீனர் ஊற்றி நன்றாக ஊறவிடுங்கள். அமோனியா கலந்தது எதுவும் வேண்டாம், அதன் வாடையே மூத்திரம் மாதிரிதான்.

ஜூன் 3, காலை 5.30

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. நேற்று எழுதியதில் வரிசையே தப்பு. மணல், பெட்டி என்று பாடம் நடத்துவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது? பெரிய குளமாகவா, இல்லை நாணயம் அளவுக்குச் சொட்டாகவா? பெட்டிக்குள் போய் ரொம்ப நேரம் குந்திக்கொண்டு இருக்கிறானா? கத்துகிறானா? பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறானா? திரும்பத் திரும்பக் குந்தி, ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

இது நான் அனுபவித்தது. கரியனுக்கு அப்போது 5 வயது. ஒருநாள் சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டைமேல் குந்தியிருந்தான். எழுந்தான், நான்கு அடி நடந்தான், திரும்பி வந்து அதே இடத்தில் குந்தினான். பெட்டியை விட்டுவிட்டு இங்கே என்னடா என்று அதட்டி வெளியே விரட்டினேன். மலச்சிக்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டேன். காலையில் நுரை நுரையாக வாந்தி. வயிற்றில் கை வைத்தால் உள்ளே ஒரு கல் உருண்டை மாதிரி இறுகிக் கிடந்தது. அதுதான் மூத்திரப்பை. குழாய் போட்டு எடுத்தார்கள், 3 ராத்திரி அங்கேயே இருந்தான். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். விரட்டும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வலியில் இருந்தவனை அதட்டியிருக்கிறேன். நேற்று உங்களுக்கு எழுதும்போது அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 3, காலை 8.05

நாணயம் அளவு, அதிலும் கொஞ்சம் சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே போங்கள். நாளைக்கு வேண்டாம். வீட்டில் இருக்கிற வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்கள் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

ஜூன் 4, இரவு 9.15

அடைப்பு இல்லை, கல் இல்லை, கிருமியும் இல்லை, மூத்திரப்பையில் அழற்சி மட்டும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மனசு நிம்மதியாக இருக்கிறது. கிருமி இல்லாமல் எப்படி அழற்சி வரும், டாக்டர் சரியாகப் பார்த்தாரா என்று கேட்கிறீர்கள். பார்த்திருக்கிறார். வயசு கம்மியான பூனைகளுக்கு வருகிற மூத்திரத் தொந்தரவில் அதிகமாகப் பார்ப்பது இந்த வகைதான். அதனால்தான் ஆன்டிபயாடிக் தராமல் வலிக்கு மட்டும் மருந்து தந்திருக்கிறார். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். ஆனால் மனசு கலங்கினால் திரும்ப வரும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இந்த நோயைப் பல வருடம் ஆராய்ந்தவர். அவரும் அவரோடு இருந்தவர்களும் 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்குப் பல விஷயம் விளங்கியது. அங்கே இருந்த பூனைகளில் சிலவற்றுக்கு இந்த நோய் உண்டு, மற்றவை ஆரோக்கியமானவை. பார்த்துக்கொள்ளும் ஆள் மாறினால், சாப்பாட்டு நேரம் தவறினால், நோயாளிப் பூனைகள் மட்டுமல்ல, நல்ல பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, பெட்டிக்கு வெளியே போயின. ஆள் மாறியது, நேரம் மாறியது, அவ்வளவுதான் காரணம்.

இப்போது உங்கள் 8 நாளை நினைத்துப் பாருங்கள். தம்பி நல்ல பிள்ளைதான், ஆனால் அவன் வந்த நேரத்துக்குச் சாப்பாடு, அவன் மிதித்த செருப்புச் சத்தம், ராத்திரி கட்டிலில் ஆள் இல்லை. முத்துவுக்கு உலகமே புரண்டு கிடந்திருக்கிறது. நீங்கள் பழி என்று படித்தது ஒரு நோயின் வலி. முகத்தைப் பார்த்துக்கொண்டே போனான் என்றீர்களே, வலிக்கும்போது பார்ப்பதற்கு அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தண்ணீர் அதிகம் உள்ளே போக வேண்டும். உலர்ந்த தீனியைக் குறைத்து ஈரமான சாப்பாடு கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை 3 இடத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் விளையாட்டு. ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரமாக ஓர் இடம். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள்.

ஜூன் 7, மதியம் 2.30

மூடி போட்ட பெட்டி வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொன்னேன். தன் பூனை மூடியை எடுத்தால் போகவே மாட்டேன் என்கிறது என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் சொன்னது தப்பு. என் வீட்டுப் பூனைகளுக்குப் பிடிக்காததை எல்லாப் பூனைக்கும் சட்டமாக்கிவிட்டேன். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பாருங்கள், எது நிறைகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மூடி இருந்தால் உள்ளே நாற்றம் தங்கும், நம் கண்ணுக்கும் தெரியாது, அதனால் அள்ளுவதற்கு மறந்துவிடுவோம். அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 9, இரவு 10.20

தடவிக்கொடுத்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று கடிக்கிறது, முன்னறிவிப்பே இல்லை என்று அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முன்னறிவிப்பு இருக்கிறது அண்ணா. அது கையில் தெரியாது, கண்ணில்தான் தெரியும், நாமோ டிவியைப் பார்த்துக்கொண்டு தடவுகிறோம். நான் ஒருநாள் கரியனை மடியில் போட்டுக்கொண்டு வேறு எதையும் பார்க்காமல் அவனை மட்டும் பார்த்தேன். கன்னத்தில் தடவினேன், கண் சொருகினான். முதுகில் கை போனது. நான்காவது தடவலில் வாலின் நுனி மட்டும், ஒரு விரல்கட்டை நீளம், இடமும் வலமும் அசைந்தது. கை நிறுத்தவில்லை. காதுகள் லேசாகப் பக்கவாட்டில் திரும்பின. அடுத்து முதுகுத் தோல் குளத்தில் காற்றடித்த மாதிரி ஒருமுறை சிலிர்த்து ஓடியது. தலை என் கையை நோக்கித் திரும்பியது. அங்கே கையை எடுத்துவிட்டேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி தலையை வைத்துப் படுத்தான். அதற்கு முந்தைய வருடங்களில் அந்த இடத்தில்தான் கடி வாங்கியிருக்கிறேன். நான்கு முறை சொல்லிவிட்டுத்தான் கடித்திருக்கிறான்.

அதனால் 3 நொடி தடவி, கையை எடுத்து, காத்திருங்கள். தலையால் முட்டிக் கேட்டால் இன்னும் 3 நொடி. கன்னம், தாடை, காதுக்கு முன்னால் இருக்கிற இடம் இவை பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வால் தொடங்கும் இடமும் வயிறும் பெரும்பாலும் பிடிக்காது. மல்லாந்து வயிறு காட்டுகிறதே என்றால், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம். தடவு என்று அர்த்தம் இல்லை.

முன்பெல்லாம் கடிக்காமல் இருந்துவிட்டு இப்போது புதிதாகக் கடிக்கிறது என்றால் அது வேறு விஷயம். தொட்ட இடத்தில் வலி இருக்கலாம். பல், காது, மூட்டு எல்லாவற்றையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

ஜூன் 9, இரவு 10.50

ஒன்று விட்டுப்போனது. குட்டியாக இருந்தபோது கை விரலை ஆட்டி ஆட்டி விளையாடினீர்களா? நானும் செய்தேன். ஊசிப் பல்லால் கடிக்கும்போது செல்லமாக இருக்கும். ஒரு வருடம் கழித்து அதே விளையாட்டை வளர்ந்த பல்லோடு விளையாடும், அதன்மேல் குற்றமே இல்லை. கூடப்பிறந்த குட்டிகளோடு வளர்ந்திருந்தால், பலமாகக் கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்று அவையே கற்றுக்கொடுத்திருக்கும். ஒற்றைக் குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. கயிறு கட்டிய குச்சி வாங்குங்கள். உங்கள் கைக்கும் அதன் வாய்க்கும் நடுவில் எப்போதும் ஒரு முழமாவது இருக்கட்டும்.

ஜூன் 12, காலை 7.00

முத்து இரண்டு நாளாகப் பெட்டியில் போகிறான் என்று படித்தேன். சந்தோஷம். மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

ஜூன் 13, இரவு 11.30

அக்கா ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். 7 வருடமாகச் சாதுவாக இருந்த பெட்டை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது இவர் பக்கத்தில் போய் நின்றாராம். பாய்ந்து காலைக் குதறிவிட்டது. பைத்தியம் பிடித்துவிட்டதா, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, யாரிடமாவது கொடுத்துவிடவா என்று அழுதுகொண்டே கேட்கிறார்.

அக்கா, தயவுசெய்து அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே அப்போது என்ன இருந்தது? பெரும்பாலும் வேறொரு பூனை இருந்திருக்கும், அல்லது அதன் சத்தமோ வாசனையோ. உள்ளே இருப்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போக முடியாது. உடம்பு முழுக்க சண்டைக்குத் தயாராகிவிட்டது, பாய்வதற்கு ஆள் இல்லை. அந்த நேரத்தில் ஒரு கால் பக்கத்தில் அசைகிறது. அது உங்கள் கால் என்று அதற்கு அப்போது தெரியவே தெரியாது.

கரியன் என் கெண்டைக்காலில் பாய்ந்தது இப்படித்தான். நான் செய்த தப்பு அதற்கு அப்புறம். ஐந்து நிமிடம் கழித்து, சரி, அடங்கிவிட்டான் என்று தூக்கிச் சமாதானப்படுத்தப் போனேன். கையிலும் வாங்கினேன். அந்தக் கொதிப்பு அடங்கச் சில மணி நேரம் ஆகும், சிலவற்றுக்கு ஓரிரு நாள்கூட ஆகும். அதுவரை இருட்டான ஓர் அறையில் தண்ணீர், மணல், படுக்கை வைத்துத் தனியாக விடுங்கள். அறைக்குத் தள்ளிக்கொண்டு போக நடுவில் ஒரு தலையணையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கையால் தொடாதீர்கள். தானாக வந்து சாப்பிட்டால், உடம்பை நீட்டி நெளித்தால், அடங்கிவிட்டது என்று அர்த்தம். ஜன்னலின் கீழ்ப்பாதியில் வெளியே தெரியாதபடி காகிதம் ஒட்டிவிடுங்கள்.

உங்கள் கால் முக்கியம். பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே ஓட்டை சின்னதாக மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். எனக்குக் கை மறுநாள் காலையில் மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி உங்கள் பூனைக்குப் போட்டிருக்கிறதா, எப்போது போட்டது என்று அவர் கேட்பார், அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். வளர்ப்புப் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

ஜூன் 16, காலை 6.10

விடிகாலை 4 மணிக்கு எழுப்புகிறது, கதவைப் பிறாண்டுகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

பூனைக்கு விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம். இரவு படுப்பதற்கு முன் 15 நிமிடம் குச்சிக் கயிற்றில் நன்றாக ஓடவிட்டு, அது முடிந்த கையோடு ஒரு சாப்பாடு. வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம், தூக்கம் என்ற வரிசையை அதன் உடம்பு அறியும். விடிகாலையில் தானாகத் திறக்கிற தீனிப்பெட்டி வைத்தால், பூனை அந்தப் பெட்டியின் முன்னால் போய்க் காத்திருக்கும். உங்களை எழுப்பிப் பயன் இல்லை என்று கற்றுக்கொள்ளும்.

கத்தலுக்கு எழுந்து சாப்பாடு போடுவதை நிறுத்தினால் முதல் சில நாள் கத்தல் கூடத்தான் செய்யும். ஐந்தாம் நாள் தாங்காமல் எழுந்து போட்டால், ஐந்து நாள் கத்தினால் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்தது ஆகிவிடும். நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், திருத்த ஒரு மாதம் ஆனது.

ஜூன் 16, மாலை 5.40

காலையில் எழுதியதோடு ஒரு பழைய பேச்சையும் திருத்துகிறேன். போன வருடம் இங்கேயே, உருட்டித் திறக்கிற புதிர்த் தீனிப்பந்தைப் பூனைகள் தட்டில் இருப்பதைவிட விரும்பும் என்று எழுதியிருந்தேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2021-ல் வந்த ஆய்வில், தட்டையும் புதிரையும் ஒன்றாக வைத்தபோது பெரும்பாலான பூனைகள் சும்மா கிடைக்கிற தட்டில் இருப்பதைத்தான் அதிகம் சாப்பிட்டன. சில பூனைகளுக்குப் பந்து நல்ல பொழுதுபோக்கு, அதை மறுக்கவில்லை. பசியோடு வைத்துப் பழக்காதீர்கள்.

ஜூன் 19, இரவு 9.50

13 வயதுப் பூனை, ராத்திரி சுவரைப் பார்த்து ஊளை மாதிரி கத்துகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது ஆனால் மெலிகிறது. வயதாகிவிட்டது, பிடிவாதம் என்கிறார் ஒரு தம்பி.

என் பஞ்சு ஞாபகம் வந்துவிட்டாள். அதே வயது, அதே கத்தல், அதே பசி. கிழவிக்குப் பசி நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். தூக்கும்போது முதுகெலும்பு கையில் தட்டியது, அதையும் வயசு என்றுதான் சொன்னோம். ரத்தம் பார்த்தபோது தைராய்டு அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் ராத்திரிகள் அமைதியாகிவிட்டன, அப்புறம் இரண்டு வருடம் எங்களோடு இருந்தாள். பார்க்காமல் விட்ட அந்த நாலைந்து மாதத்தை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. ரத்தம், மூத்திரம், அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள் தம்பி. மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்த ஓர் ஆய்வில் 90 பூனைக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. கிழப்பூனை பெட்டிக்கு வெளியே போனால், அந்தப் பெட்டியின் விளிம்பைத் தாண்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜூன் 20, மதியம் 1.15

சோபாவைப் பிறாண்டுகிறது, நகத்தை அடியோடு எடுத்துவிடலாமா என்றவருக்கு: வேண்டாம். அது நகம் வெட்டுவது இல்லை, விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது. பல நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது, நியூயார்க் மாநிலம் 2019-ல் தடை செய்தது. முன்காலைத் தூக்கி முழு உடம்பையும் நீட்டுகிற உயரத்தில், ஆடாத ஒரு கட்டையில் கயிறு சுற்றி, சோபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். யாரும் போகாத மூலையில் வைத்தால் அதைத் தொடாது. பாதத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. இது என் இடம் என்று நாலு பேர் நடமாடுகிற இடத்தில்தான் எழுதி வைக்க விரும்பும்.

ஜூன் 24, இரவு 10.05

முத்து கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிறான், ஆனால் உங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறான், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்த்ததும் அடித்ததும் அவனுக்கு நினைவிருக்கிறது. கூப்பிடாதீர்கள், பின்னாலேயே போகாதீர்கள்.

தரையில், அவனுக்குப் பக்கவாட்டாக உட்காருங்கள். அவன் பார்க்கும்போது உங்கள் கண்ணைப் பாதி மூடி, மெதுவாக முழுதும் மூடி, மெதுவாகத் திறங்கள். முறைத்துப் பார்ப்பது பூனைகளிடையே சண்டைக்கு அழைப்பு, கண்ணை மூடிக் காட்டுவது அதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வளர்ப்பவர் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் திரும்பச் சிமிட்டுகிறது, அப்படிச் சிமிட்டிய அந்நியரின் கைக்குக்கூடப் பக்கத்தில் வருகிறது.

குளியலறை விஷயத்துக்கு அப்புறம் கரியனும் என்னிடம் வரவில்லை. நான் தினமும் ராத்திரி தரையில் உட்கார்ந்து சிமிட்டினேன். பதினோராம் நாள் அவன் அலமாரிக்குக் கீழேயிருந்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான்.

ஜூன் 29, காலை 6.45

நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். துவைத்த படுக்கை விரிப்பு, அதன்மேல் உங்கள் பழைய சட்டை, அதன்மேல் முத்து. கண் இரண்டும் பாதி மூடியிருக்கிறது. சட்டையைத் துவைத்துவிடாதீர்கள் தம்பி, அடுத்த முறை வெளியே போகும்போது அதை அவனோடு விட்டுவிட்டுப் போங்கள்.